சொதிக்கு இங்கிலீஷில் என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து லண்டன் போன என் தங்கை பேத்தி, மேற்படிப்புக்கு முந்தைய ஆங்கில வகுப்பில் இருக்கிறாள். "பாடம் புரியுது தாத்தா, வெளிய வாய்தான் வர மாட்டேங்கு. ஊருக்கே வந்திரட்டா?" என்று போனில் அழுதாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, ஆங்கிலக் கோப்புகளுக்கு நடுவே குமாஸ்தாவாக உட்கார்ந்தவன் நான். அந்த ஊமைத்தனம் எனக்குத் தெரியும். அதைப் போக்கியது இலக்கணப் புத்தகம் அல்ல, டீ நேரத்து அரட்டை.

இந்தியன் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் போகச் சொன்னேன். நம் சேலத்தில் பிறந்த கே.டி. பால் முன்னின்று 1920-ல் இந்திய மாணவர்களுக்காக லண்டனில் தொடங்கிய விடுதி. இந்தியர் என்றாலே அறை இல்லை என்று கதவைச் சாத்திய வீட்டுக்காரர்கள் அங்கே நிறைய இருந்த காலம் அது. இப்போது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருக்கிறது. தங்காதவர்களும் போய்ச் சாப்பிடலாம்.

"நம்ம ஆளுங்க கூடவே இருந்தா இங்கிலீஷ் எப்படி வரும்?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் மலையாளியும் பஞ்சாபியும் வங்காளியும் உட்காரும் மேசையில் தமிழா செல்லும்? தப்போ தவறோ, இங்கிலீஷ்தான். சிரிக்கவும் ஆள் இருக்காது.

போன ஞாயிறு போனாளாம். எதிரே இருந்த பஞ்சாபிப் பெண்ணுக்கு நம் சொதியை விளக்கப் போய், முருங்கைக்காய்க்கு வார்த்தை கிடைக்காமல் கையாலேயே நீளம் காட்டினாளாம். ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.