ஒரு பேப்பர், பத்து பேர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "யாரு சார் படிக்கிறா? எல்லாரும் செல்லைத்தான் நோண்டுறாங்க. சாயங்காலம் வரைக்கும் மடிப்புக் கலையாமக் கெடக்கு. முன்னாடியாவது வடை மடிக்க ஆகும், இப்ப அதுக்கும் கூடாதுங்கிறாங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டீ குடிக்க வருகிறவனுக்கு ஓசியில் பேப்பர் போட வேண்டும் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பேப்பர் ஏஜென்ட்டைப் பிடித்தேன். விடியற்காலையில் கட்டுப் பிரித்து, இணைப்பைச் செருகி, லைன் லைனாகப் பையன்களிடம் கொடுத்து அனுப்புகிற வேலை. இப்போது பையன்கள் கிடைப்பதில்லை. அவரே டிவிஎஸ் 50-இல் போகிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அடுக்குமாடிகளில் கேட்டோடு நிறுத்திவிட்டார்களாம். பேப்பரில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று பயம். பயம் போன பிறகும் பழைய வீடுகள் பல திரும்பவில்லை. முடிவைப் பற்றி அவர் இன்னும் நிறையச் சொல்வார். ஆரம்பம் வேண்டுமென்றால் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வழி காட்டினார்.

டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூருக்கு வந்தது. டன்லப் அதற்குப் பிறகு, எஸ்டேட் 1964-இல். அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. வயலும் ஏரியுமாகக் கிடந்த இடத்தில் தெற்கத்திப் பிள்ளைகளும் வட ஆர்க்காட்டுப் பிள்ளைகளும் வந்து குவிந்தார்கள். பெரியவரும் அப்படி வந்தவர்தான். "கடையில பேப்பர் ஒண்ணுதான் தம்பி. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா ஆளுக்கொரு ஷீட்டா உருவிக்குவோம். எங்க செட்டுல ரெண்டு பேருக்குப் படிக்க வராது. அவங்களுக்காக ஒருத்தன் சத்தமாப் படிப்பான். கன்னித்தீவு படக்கதை வந்தா மட்டும் எல்லாரும் எட்டிப் பார்க்கணும், படம் இருக்குல்ல!" கூட்டம் உட்கார்ந்தால் இரண்டாவது ரவுண்டு டீ ஓடும். ஓசிப் பேப்பரின் கணக்கு அவ்வளவுதான்.

அவர்கள் உருவிக்கொண்டது தினத்தந்தி. சிங்கப்பூரில் பாரிஸ்டராகத் தொழில் செய்துவிட்டுத் திரும்பிய சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய பத்திரிகை. லண்டனில் படித்தபோது கண்ட 'டெய்லி மிரர்' மாதிரி சாதாரண ஜனங்கள் கையில் புழங்குகிற பேப்பர் தமிழில் வேண்டும் என்பது அவர் ஆசை. கொட்டை எழுத்துத் தலைப்பு, குட்டி வாக்கியம், படம். பேச்சுத் தமிழை ஒட்டி எழுதச் சொல்லி நிருபர்களுக்குக் கையேடே போட்டார். தந்தியைக் கேலி செய்த பண்டிதர்கள் உண்டு. ஆனால் உரக்கப் படித்துப் பாருங்கள், எங்கும் நாக்கு தடுக்காது. காதுக்கு எழுதிய தமிழ் அது.

தேடல் இங்கே முடிந்தது என்றுதான் இருந்தேன். பிறகு திரு.வி.க. குறுக்கே வந்தார். போரூரை அடுத்த தண்டலத்தில், அன்றைய பெயரில் துள்ளத்தில், 1883-இல் பிறந்தவர்; நம்ம பக்கத்து ஆள்! வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 1917 டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். 1899-லேயே நாளிதழாகிவிட்ட 'சுதேசமித்திர'னின் நடையில் வடமொழி தூக்கலாக இருந்த காலம். அரசியலைத் தமிழில் எழுத முடியும் என்று இவர் தினம் எழுதிக் காட்டினார். அடுத்த ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. பகலில் தலையங்கம், மாலையில் பெரம்பூர்ப் பக்கம் தொழிலாளர் கூட்டம். அந்நாளில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆலைத் தொழிலாளிக்குப் பத்திரிகை கண் வழியாகவா போயிருக்கும்? யாரோ படிக்க, காது வழியாகத்தான் போயிருக்க வேண்டும். டீக்கடைப் பேப்பருக்கு நான் கண்ட வேர் இதுதான்.

அப்படியென்றால் இந்தப் பழக்கத்தைப் பெற்றெடுத்தது இல்லாமைதான். முதலில் எழுத்தறிவு இல்லை, பிறகு காசில்லை. இன்றைக்கு இரண்டும் ஓரளவு இருக்கிறது, கூடவே ஆளுக்கொரு செல். பிறகு எதற்கு ஒரு பேப்பரைப் பத்து பேர் பங்கு போட வேண்டும்? இதற்காக நான் ஒப்பாரி வைக்கத் தயாரில்லை. ஒன்று மட்டும் நஷ்டம். சத்தமாகப் படிக்கும்போது எதிரில் இருப்பவன், "போடா, புளுகுறான்" என்பான். உடனே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். செய்தி அங்கேயே புடம் போடப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் வருவதை அவனவன் தனியாகப் படித்து, தனியாக நம்பி, இன்னொருவனுக்குத் தள்ளிவிடுகிறான்.

இன்னொரு ஓசிப் பேப்பரும் இருக்கிறது. உண்மையில் அது ஓசி இல்லை. 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது; சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அம்பத்தூரை 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்த்தார்கள், 2019-இல் ஆவடியே மாநகராட்சி ஆனது. நூலக வரி மட்டும் நம்மை விடவில்லை. கிளை நூலகத்து நீள மேஜையில் கிடக்கும் நாளிதழ்கள் அந்தக் காசில் வாங்கியவை. இப்போது அங்கே ரிட்டயரானவர்கள்தான் அதிகம். அடுத்த அறையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வரிக்கு உங்கள் பேப்பர், போய்ப் படியுங்கள்; பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு ஷீட் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டாம், அன்று விடுமுறை.