புது சென்சர் போட்ட பிறகும் கார் ஏன் நிக்குது?

காரில ஒரு சாமானை மாத்தினா வருத்தம் மாறிடும் என்று நம்புறவங்க எங்கட ஊரில் நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. சொந்தப் பாவனைக்கான கார்களுக்குத் திரும்ப அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில். இடையில இருந்த காரையே வெட்டி ஒட்டி ஓட்டினோம். புறக்கோட்டையில் இருந்து கொஞ்சம் நடந்தா பஞ்சிகாவத்தை. ஜப்பான் கார்களில் கழட்டின எஞ்சின் முதல் கதவுக் கண்ணாடி வரைக்கும் அங்க கிடைக்கும். கிடைக்கிறதாலதான் பிரச்சினையே. என்ன பழுது என்று பார்க்க முதலே சாமானை வாங்கிடுறோம்.

மாமா ஒரு பழைய நிசானில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் ஹயர் ஓடுறார். எஞ்சின் லைட் எரிஞ்சு, மிதிச்சாலும் இழுவை இல்லை. த்ரொட்டில் சென்சர் பழுது என்று கராஜில் சொன்னாங்க. அது தனியா வராது, த்ரொட்டில் பொடியோடு சேர்த்துத்தான். மாத்தினாங்க, இழுவை வந்திட்டு. ஆனா பெடலில் இருந்து காலை எடுத்தா எஞ்சின் ஓஃப்.

புறக்கோட்டையில் காலை எடுக்காம எப்பிடி ஓட்டுறது? முன்னால நாட்டாமி வண்டி, பின்னால பஸ் ஹோர்ன். ஹயருக்கு ஏறின ஒரு அம்மா பாதியிலயே இறங்கி ஓட்டோ பிடிச்சுப் போனாங்க. மூண்டு நாள் கார் வீட்டு வாசலில் நிண்டது. மாமாவுக்கு அண்டண்டைக்கு உழைச்சாத்தான் காசு. கராஜ் பாஸ், "அடுத்து பெடல் சென்சரையும் மாத்திப் பாப்பம்" என்றார்.

அதுக்கு முதல் நான் ரிப்பெயார் மெனுவலைத் தேடி வாசிச்சேன். (கலைப்பீடத்துப் பிள்ளைக்கு காரைப் பற்றி என்ன தெரியும் என்று மாமி கேட்டாங்க. வாசிக்கத் தெரியும் மாமி.)

இந்த வகைக் காரில் பெடலுக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில கேபிள் இல்லை. பெடலில் ரெண்டு சென்சர், த்ரொட்டிலில் ரெண்டு சென்சர். ஒவ்வொரு சோடியும் சொல்றது பொருந்துதா என்று கம்பியூட்டர் பார்க்கும், பொருந்தாட்டி இழுவையைக் குறைச்சிடும். காலை எடுத்த பிறகும் எஞ்சின் அணையாம ஓட, உள்ளே இருக்கிற தட்டு ஒரு மயிரிழை திறந்திருக்கணும். எவ்வளவு என்பது கம்பியூட்டர் பழகி வைச்ச கணக்கு. கரி படியப் படிய அந்தக் கணக்கும் மாறும். வேற பொடியில் தட்டு மூடுற இடமே வேற, பழைய கணக்கு அதுக்குச் சரிவராது. சில கார் உறுமும், சில கார் நிண்டுபோகும். சென்சர் பழுதில்லை, காருக்குத் திரும்பப் பழக்கணும்.

நிசானில் இதை ஸ்கேனராலயும் செய்யலாம், காலாலயும் செய்யலாம். எஞ்சின் நல்லா சூடாகணும். ஏசி, லைட் எல்லாம் ஓஃப். ஸ்டியரிங் நேரா. எஞ்சினை நிப்பாட்டி 10 செக்கன் விட்டு, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஓன் செய்து 3 செக்கன். பிறகு 5 செக்கனுக்குள்ள 5 தரம் பெடலை முழுசா மிதிச்சு விடணும். 7 செக்கன் பொறுத்து, முழுசா மிதிச்சுப் பிடிக்கணும். எஞ்சின் லைட் மின்னும். கிட்டத்தட்ட 20 செக்கனில் மின்னாம நிண்டு எரியும். எரிஞ்ச 3 செக்கனுக்குள்ள காலை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, ஐட்லிங்கில் விடணும்.

பாஸ் சிங்களத்தில் எண்ணினார், நான் தமிழில். மூண்டாவது தரம்தான் லைட் மின்னிச்சு. கார் நிக்கல்ல. இன்னும் நிண்டிருந்தா அடுத்ததா பார்க்க வேண்டியது கேஸ்கட், காற்றுக் குழாய்களில் எங்கயாவது கசிவு இருக்கா என்று.

பாஸ் அந்த முறையை மாமாவிடம் திரும்பக் கேட்டு, பில் புத்தகத்தின் பின் அட்டையில் சிங்களத்தில் எழுதிக்கொண்டார். பெடல் சென்சர் வாங்கல்ல.