கால் டாலரும் என் அண்ணனும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. ஒரு காசு எனக்கு இரண்டாவது பொருளைக் கற்பித்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தேவாரம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏலமலை தெரியும். ஆனால் தோட்டத்து ஜீப் போடிமெட்டு வழியாகச் சுற்றித்தான் மேலே போகும். விடியுமுன் அதில் ஏறிச் செல்பவர்களில் என் அண்ணனும் ஒருவர். தோட்டம் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்ததாக ஒரு நாள் ஒரு காசைக் கொண்டுவந்து, "தம்பி, இதிலே ஏரோப்பிளேன் போட்டிருக்கு. நீ வச்சுக்க" என்றார்.

அது அமெரிக்க நாட்டின் 25 சென்ட் நாணயம். 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்தாக, ஐம்பது மாநிலங்களுக்கும் அந்நாடு நினைவு நாணயம் வெளியிட்டது. 2001இல் வட கரோலினாவுக்காக வந்தது இது. ஒரு பக்கம் வாஷிங்டன். மறுபக்கம் ரைட் சகோதரர்களின் விமானம்.

தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. அண்ணனிடம் சொல்லாமல் அதை விற்க மதுரைக்கு எடுத்துப் போனேன். பழங்காசுக் கடைக்காரர் சிரித்தார். "இது நூறு கோடிக்கு மேலே அடிச்ச காசு தம்பி. விலை போகாது" என்றார்.

திரும்பும் வழியில், பேருந்தில்தான் அதை உற்றுப் பார்த்தேன். விமானத்தின் அருகே தரையில் ஒருவர் தெரிந்தார். யார் அவர்? மறுநாள் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1903 டிசம்பர் 14 அன்று, யார் முதலில் பறப்பது என்று சகோதரர்கள் காசு சுண்டினார்கள். அண்ணன் வில்பர் வென்றார். விமானம் எழும்பியதும் நிலைதடுமாறி மணலில் விழுந்து சேதமுற்றது. பழுது பார்த்து 17ஆம் தேதி மீண்டும் முயன்றபோது, முறை தம்பி ஆர்வில்லுடையது. 12 வினாடி, 120 அடி. இறக்கை நுனியைத் தாங்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தவர் வில்பர். காசில் தரையில் இருப்பவர் அவர்தான்.

எங்கள் வீட்டிலும் முதல் முறை அண்ணனுக்குத்தான் வந்தது. இதே கல்லூரியில் ஒரு பருவம் படித்தார். அப்பா இறந்தார், அண்ணன் ஜீப்பில் ஏறினார். என்னைவிட நன்றாகப் படிப்பவர் அவர். அதைப்பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

அன்றிரவு காசை விற்கப் போனதை ஒப்புக்கொண்டேன். அண்ணன் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கட்டணப் பணத்தை எடுத்து நீட்டி, "எங்கிட்டே கேட்டா என்னடா?" என்றார். அவர் விரல்களில் ஏலக்காய் மணம் இருந்தது.

ரைட் சகோதரர்களின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு, நண்பர்களே! அதே 17ஆம் தேதி நண்பகலில், நான்காவது பறப்பில், வில்பர் 59 வினாடியில் 852 அடி பறந்தார். அன்றைய பறப்புகளில் அதுவே நீண்டது.

வரும் ஆண்டில் நான் பட்டம் பெறுவேன். வேலை கிடைத்ததும் முதலில் கட்டப்போவது, அஞ்சல்வழிக் கல்வியில் அண்ணனுக்கான கட்டணம். வாங்கிய முறையைத் திருப்பித் தருவதும் நாணயம்தானே!