மார்கழியில் பிரேக் பேட்: சில குறிப்புகள்

அறந்தாங்கியில் மார்கழிக் குளிர் என்றால் விடியலில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். கை விறைக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். தரையில் ஈரம் இருக்கும். ராத்திரிப் பனியும் சேர்ந்துகொள்ளும். காலையில் பார்த்தால் டிஸ்க் முழுக்க மெல்லிய செந்துரு. முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கரகரவென்று உரசி அது போய்விடும். இதற்காகப் பேட் மாற்ற வேண்டியதில்லை. துரு போன பிறகும் விடாமல் கீச்சிட்டால், பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

*

புதுப் பேடில் உரசுகிற பாகம் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. அதற்கு மேலும் ஓட்டி, பின்தகடு டிஸ்க்கில் ஏறினால் டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று சின்னக் கார்களைச் செய்வதும் இதனால்தான்.

*

மழை ஊறிய மண்ணில் ஜாக்கி வைக்கக் கூடாது. வண்டி ஏற ஏற ஜாக்கி ஒருபக்கமாக இறங்கும். சிமெண்டுத் தளம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கனமான பலகை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டு கொடுக்காமல் வேலை ஆரம்பிக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டால் இன்னொரு பாதுகாப்பு.

ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம். எந்தக் கிளிப் எப்படி உட்கார்ந்திருந்தது என்ற சந்தேகம் வந்தால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

*

பழைய பேடுகளைக் கழற்றியதும் தூக்கிப் போடாதீர்கள். உள் பேடையும் வெளிப் பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனத்தில் தேய்ந்திருந்தால் நிம்மதி. உள் பேட் காகிதம் போல, வெளிப் பேட் பாதிக்கு மேல் மிச்சம் என்றால் கோளாறு பேடில் இல்லை, காலிபரில். நம் கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அது உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிபர் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக்கொண்டு வரும். அது நகர்வது இரண்டு வழிகாட்டிப் பின்களின் மேல். பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது. ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் ஒரு பின்தான் இறுகியிருக்கும்.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று போய்வருகிற வண்டிக்கு உப்புக் காற்று. முன்னால் போகிற மீன் லோடு வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும், அதிலும் உப்பு. டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்களுக்கும் இதே பாடு: அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், பின் இறுகுகிறது. குளிர் வேறு, உப்பு ஒன்றுதான்.

ஆகவே பேடை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது பாதி வேலை. பின்களை உருவி, பனியன் வேஸ்டால் துடைத்து, துருவை உப்புத்தாளால் இழைத்து, விரலால் தள்ளினால் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

*

கிரீஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் பின்னில் தடவுகிற பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதி, பின்னை மறுபடி இறுக்கிப் பிடிக்கும். சிலிகான் கிரீஸ் சின்ன டியூபில் கிடைக்கிறது, அதுதான் சரி. டீசல், பெட்ரோல் விட்டுக் கழுவுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம். “அண்ணே, எங்க அப்பா காலத்துலேருந்து இதான்ணே போடுறோம்” என்று பதில் வரும். விடாதீர்கள், டியூபை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

*

பிரேக் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. இப்போதைய தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

*

பேட் வாங்க அலைய வேண்டியதில்லை. பிரேக்ஸ் இந்தியா 1962லும் ராணே பிரேக் லைனிங் 1964லும் சென்னையில் தொடங்கியவை. நம் நாட்டுப் பிரேக் தொழிலில் பெரிய பங்கு தமிழ்நாட்டுக்கு உண்டு. கடைக்குப் போகும்போது மாடலோடு தயாரிப்பு வருடத்தையும் சொல்லுங்கள். ஒரே பெயருள்ள காரில்கூட வருடத்துக்கு வருடம் பேட் மாறும்.

*

காலிபரைக் கழற்றினால் பிரேக் ஓஸில் தொங்கவிடாதீர்கள். ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள். பிஸ்டனைப் பழைய பேடை வைத்து சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தள்ளத் தள்ள மேலே ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140தான். மழைக்கால ஊரில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

*

எல்லாம் பூட்டியபின், வண்டியை எடுப்பதற்கு முன்னால், பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பின்னே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொட்டிருக்காது. முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். இதை மறந்து வண்டியை எடுத்தால் எதிரே சுவர்தான்.

பிறகு ஆவுடையார்கோவில் ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் 50ல் போய் 10க்குக் குறைக்க வேண்டும். முழுசாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு, இப்படிப் பலமுறை. பேடும் டிஸ்க்கும் அப்படித்தான் பழகும். திரும்பி வந்ததும் இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கத்துப் பின்னையும் பிஸ்டனையும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும்.