ஜெயித்தால் என்ன ஆகும்?

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள். அங்கே போய் என் மகள் டென்னிஸ் ஆடியது 47 நிமிடம்.

2022 டிசம்பர். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. முதல் சுற்றில் எதிரே வந்தவள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பெண். 0-6, 1-6. கை குலுக்கினாள், தண்ணீர் குடித்தாள், ராக்கெட்டைப் பையில் வைத்தாள். நாங்கள் திரும்பி வர எடுத்திருந்த டிக்கெட்டோ ஆறு நாள் கழித்து. தகப்பனின் பேராசை. "ஆறு நாள் இங்க என்னப்பா பண்றது?" என்றாள். குதுப் மினார் பார்க்கலாம் என்றேன்.

மைதானப் படிக்கட்டில் என்னைப்போல் பத்துப் பதினைந்து தகப்பன்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேரின் குழந்தைகள் ஏற்கெனவே தோற்றுவிட்டார்கள். புனேயிலிருந்து வந்திருந்த ஒருவர்தான் பேச்சைத் தொடங்கினார். அவர் மகன் அந்த வருடம் ஏழு ஊர்களுக்குப் போயிருக்கிறான். ஆடியது மொத்தம் ஒன்பது ஆட்டம். "குழந்தைகளுக்காவது ரவுண்ட் ராபின் வைக்கக் கூடாதா? தோற்றாலும் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போவானே" என்றார்.

எங்களைப் பார்க்க வந்திருந்த என் கல்லூரித் தோழன், டெல்லியில் மத்திய அரசு உத்தியோகம், டென்னிஸ் பைத்தியம், இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஆடினா அது டென்னிஸ் இல்லப்பா. தோத்தா வீட்டுக்குப் போகணும். அந்த பயம்தான் ஆட்டமே" என்றான். அவன் பிள்ளை டென்னிஸ் ஆடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் இருபது ஆண்டுகளாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைப்பவன். படித்தது எம்.ஏ. தமிழ். வாதம் சூடு பிடித்தபோது எனக்கு வார்த்தைமேல்தான் கவனம் போனது. நாக்-அவுட்டில் சிக்கல் இல்லை. தோற்றவர் வெளியேறும் முறை. ரவுண்ட் ராபின்தான் படுத்தும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராபின் என்றால் பறவை என்று நம்பி அகராதியைப் புரட்டியிருக்கிறேன். பறவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்து ஆங்கில மாலுமிகள் கேப்டன்மேல் புகார் மனு எழுதினால் கையெழுத்துகளை வட்டமாகப் போடுவார்களாம். முதலில் கையெழுத்திட்டவன் யாரென்று தெரிந்தால் அவன் கதி அதோகதி. அப்படிப்பட்ட மனுவுக்குத்தான் அந்தப் பெயர். முதலும் கடைசியும் இல்லாத வட்டம். எல்லோரும் எல்லோருடனும் ஆடும் முறைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் 'லீக்' என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறோம்.

கணக்கு எளிது. விம்பிள்டன் ஒற்றையரில் 128 பேர். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை ஊருக்கு அனுப்பும். சாம்பியனைத் தவிர 127 பேரை அனுப்ப 127 ஆட்டம் போதும். எல்லோரும் எல்லோருடனும் மோதுவதென்றால் 8,128 ஆட்டம். அதனால்தான் 1877இல் 22 பேருடன் தொடங்கிய நாள் முதல் அங்கே நாக்-அவுட். அதுவும் எப்போதும் நியாயமாக நடந்ததாகச் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டின் சாம்பியன் எந்தச் சுற்றிலும் ஆடாமல் நேரே கடைசி ஆட்டத்துக்கு வந்து நிற்கும் சலுகை 1921 வரை இருந்தது.

லீக் முறைக்கு டென்னிஸில் நிலையான ஓர் இடம் உண்டு. ஆண்டிறுதியில் தலைசிறந்த எட்டுப் பேர் ஆடும் போட்டி. நான்கு பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு இருவர் அரையிறுதிக்கு. 1970இல் டோக்கியோவில் முதல் தடவை நடந்தபோது அரையிறுதியும் இல்லை, இறுதியும் இல்லை, முழுக்க லீக். ஸ்டான் ஸ்மித்தும் ராட் லேவரும் சம வெற்றிகள் பெற்றார்கள். லேவரைத் தோற்கடித்திருந்ததால் ஸ்மித்துக்குப் பட்டம்.

புனேக்காரர் இந்தப் போட்டியைத்தான் சாட்சிக்கு அழைத்தார். 2005இல் ஷாங்காயில் டேவிட் நல்பந்தியான் பிரிவு ஆட்டத்தில் ஃபெடரரிடம் தோற்றார். ஆனால் போட்டியில் நீடித்தார். இறுதியில் அதே ஃபெடரரிடம் முதல் இரண்டு செட்டுகளை இழந்து, ஐந்தாவது செட் டைபிரேக்கரில் ஜெயித்தார். "நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்த இறுதி ஆட்டமே கிடையாது" என்றார் அவர்.

என் தோழன் 1981 ஜனவரிக்குப் போனான். நியூயார்க்கில் நடந்த அதே போட்டி. இவான் லெண்டிலும் ஜிம்மி கானர்ஸும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தேறிவிட்டார்கள். அவர்கள் மோதும் ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு அரையிறுதியில் பியார்ன் போர்க். தோற்பவருக்கு ஜீன் மேயர். முதல் செட்டை டைபிரேக்கரில் இழந்த லெண்டில் அடுத்த செட்டில் எடுத்தது ஒரே ஒரு கேம். கோழை என்று கானர்ஸ் பகிரங்கமாகவே திட்டினார். லெண்டில் இறுதி வரை வந்தார். அங்கே காத்திருந்தது போர்க். தோற்றார். பிறகு சில ஆண்டுகள் அந்தப் போட்டி நாக்-அவுட்டுக்கு மாறி, 1986இல் மறுபடி லீக்குக்கே திரும்பியது.

எனக்கும் ஒரு கதை இருந்தது. 2007இல் ஆடவர் டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பு சாதாரணப் போட்டிகள் சிலவற்றிலும் லீக் முறையைப் பரீட்சித்துப் பார்த்தது. நட்சத்திரம் முதல் நாளே தோற்றுப்போனால் டிக்கெட் வாங்கியவருக்கும் டி.வி.க்கும் நஷ்டம் அல்லவா? லாஸ் வேகாஸில் முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜேம்ஸ் பிளேக். அவர் பிரிவில் ரஷ்யாவின் கொரோலெவ், 18 வயது டெல் போட்ரோ. கொரோலெவிடம் தோற்றுவிட்ட பிளேக், ஐந்து கேமுக்குமேல் விட்டுக்கொடுக்காமல் டெல் போட்ரோவை வென்றால் காலிறுதி. 6-1, 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது, டெல் போட்ரோ உடல்நிலை சரியில்லாமல் விலகிவிட்டார். முடியாத ஆட்டத்தில் கேம்களை எண்ண முடியாது. விதிப்படி கொரோலெவ்தான் காலிறுதிக்கு. ஏ.டி.பி. தலைவர் எதியென் டி வில்லியர்ஸ் தலையிட்டு, இல்லை, பிளேக்தான் என்றார். மறுநாள் அதையும் மாற்றி, மன்னிக்கவும், கொரோலெவ்தான் என்றார். நான் அப்போது ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தேன். 'காலிறுதியில் பிளேக்' என்று தலைப்புப் போட்டுக் கொடுத்த பிறகு அடுத்த செய்தி வந்தது. அந்த ஆண்டே பரீட்சை கைவிடப்பட்டது.

"பார்த்தியா?" என்றான் தோழன். விளையாடிய பையன் நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்தான். முடிவு செய்தது கால்குலேட்டர்.

ஆனால் நாக்-அவுட்டின் அநியாயத்தையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம். சென்னை ஓப்பன் அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோதினார்கள். மூன்று செட்டும் டைபிரேக்கர். நடால் ஜெயித்தார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் மிகைல் யூஸ்னியிடம் 0-6, 1-6. ஓடக் காலில்லை. என் மகள் டெல்லியில் வாங்கிய அதே ஸ்கோர் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

அன்று படிக்கட்டில் வாதம் முடியவில்லை. நான் மனதளவில் புனேக்காரர் பக்கம். குதுப் மினார் நன்றாக இருந்தது.

அடுத்த கோடையில் என் கட்சி ஜெயித்தது. சென்னையில் ஒரு கிளப் சிறுமிகளுக்கு லீக் முறையில் ஒரு போட்டி வைத்தது. நான்கு பேர் கொண்ட பிரிவு, எட்டு கேம் கொண்ட ஒரே செட், முதல் இருவர் அரையிறுதிக்கு. என் மகள் முதல் இரண்டு ஆட்டங்களையும் மோசமாகத் தோற்றாள். மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி எனக்கு மிகவும் தெரிந்தவரின் பெண். இரண்டு வருடமாக எங்கள் இருவரையும் தன் காரில் பயிற்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தவர். அந்தப் பெண்ணுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. என் மகளை வென்றால் அரையிறுதி. என் மகள் ஜெயித்தாலும் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் ஜெயித்தால் கேம் கணக்கில் இன்னொரு சிறுமி முன்னேறுவாள். விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் தாயுடன் வந்தவள். தன் ஆட்டங்களை முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மடியில் டிபன் கேரியர்.

நண்பர் என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. "பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து முழங்கால் வலிக்குதுன்னு சொன்னாளே சார், ரொம்பச் சிரமப்படுத்த வேணாம்" என்றார். அவ்வளவுதான். வலி இருந்தது உண்மை, லேசான வலி.

நான் மகளிடம் போனேன். "இதுல ஜெயிச்சாலும் நமக்கு ஒண்ணும் இல்லம்மா. பார்த்து ஆடு, காலை ரொம்ப வருத்திக்காதே" என்றேன். வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து அடுக்குவதுதான் என் தொழில். எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஜெயிச்சா என்னப்பா ஆகும்?"

பதில் சொல்லவில்லை. வேப்பமரத்தைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற ஸ்கோருக்குப் பிறகு பந்தை உருட்டிக்கொண்டே நேரம் கடத்தின. அந்த ஸ்கோர் இருவருக்கும் போதும். வெளியேறியது, மைதானத்திலேயே இல்லாத அல்ஜீரியா. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பாட்மிண்டனில் லீக் சுற்று வந்தது. வேண்டுமென்றே தோற்க முயன்றதாக நான்கு மகளிர் ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. நமது ஜ்வாலா குட்டா - அஷ்வினி பொன்னப்பா ஜோடி காலிறுதியை இழந்தது ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அவர்கள் பிரிவில் ஜப்பான் ஜோடி தைவானிடம் தோற்றது பற்றி இந்தியா செய்த புகாரும் எடுபடவில்லை. இவற்றையெல்லாம் நான் மொழிபெயர்த்திருக்கிறேன், கோபத்தோடு. லீக்கில் ஆடுவது இருவர், தலையெழுத்து மூன்றாமவருடையது. நாக்-அவுட்டில் இந்தப் பாவம் செய்ய வழியே இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. கார் நம்முடையதாக இல்லாதபோது தெரிந்தது மறந்துபோகிறது.

என் மகள் 8-6இல் ஜெயித்தாள். கடைசி இரண்டு கேம்களில் நொண்டினாள். விழுப்புரத்துச் சிறுமி எழுந்து நின்று கை தட்டவில்லை. கேம்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அரையிறுதியில் அவளும் தோற்றாள் என்று பிறகு தெரிந்தது. நண்பர் அன்று எங்களைக் காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் ரேடியோ பாடியது. அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் பஸ்ஸில் போகிறோம்.

2023 நவம்பர், டூரின். ஆண்டிறுதிப் போட்டியில் இத்தாலியின் யானிக் சின்னர் முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றிருந்தார், அதில் ஒன்று ஜோகோவிச்சுக்கு எதிராக. மூன்றாவது ஆட்டம் ஹோல்கர் ரூனேயுடன். அது தொடங்கும் முன்பே சின்னருக்கு அரையிறுதி உறுதி. ரூனேயிடம் தோற்றால் ஜோகோவிச் ஊருக்குப் போவார். ஜெயித்தால் ஜோகோவிச் உள்ளே வருவார். நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. மகள் தூங்க மறுத்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னர் 6-2, 5-7, 6-4 என்று முட்டி மோதி ஜெயித்தார். மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டம். தான் உள்ளே விட்ட ஜோகோவிச்சிடமே 3-6, 3-6 என்று தோற்றார். 2014இல் சிங்கப்பூரில் சிமோனா ஹாலெப்புக்கும் இதுதான் நடந்தது: அவர் எடுத்த ஒரு செட் செரீனாவை அரையிறுதிக்கு அனுப்பியது, இறுதியில் செரீனா அவரை வீழ்த்தினார்.

டெல்லித் தோழன் போனில் கூப்பிட்டான். "இப்பச் சொல்லு, நாக்-அவுட்டா இருந்தா ஜோகோவிச் அப்பவே போயிருப்பாரு. சின்னருக்குக் கோப்பை." உண்மைதான். ஆனால் நாக்-அவுட்டாக இருந்திருந்தால் ரூனேயுடன் ஆடிய அந்த ஆட்டமும் இருந்திருக்காது. பயம் இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை என்றவன் அவன். பயமும் இல்லை, லாபமும் இல்லை, நஷ்டத்துக்கு மட்டும் வழி இருந்தது. அப்படியும் ஒருவர் மூன்று செட் வியர்த்ததை நாங்கள் பார்த்தோம். எந்த முறை சிறந்தது என்று இனி நான் யாரிடமும் வாதம் செய்யப் போவதில்லை.

போனை வைத்தேன். சின்னரின் தகப்பனார் மலை விடுதியொன்றில் சமையல்காரராக இருந்தவர் என்று மகளிடம் சொன்னேன். ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னதுதான்.

டி.வி.யில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"அந்த ரூனே மேட்சுக்கு முன்னால அவரு அப்பா அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையாப்பா?"