வேர் இல்லாத அப்டேட்

மக்களே, பி.காம். படிக்கிற ஆளுக்கு டேட்டாபேஸ் எதுக்குன்னு கேட்பீங்க. பேரேடெல்லாம் இப்போ அதுக்குள்ளேதானே இருக்கு!

2022 மே மாதம் எச்.டி.எஃப்.சி. வங்கியின் சென்னை வாடிக்கையாளர்கள் சுமார் 100 பேருக்கு, தலா 13 கோடி ரூபாய் வரவானதாக எஸ்.எம்.எஸ். போனது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, சென்னை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கணக்கில் 9,000 கோடியை ஏற்றியது. நிஜமா என்று பார்க்க அவர் நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். போய்ச் சேர்ந்தது! மீதியை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது.

அவ்வளவு பெரிய வங்கி வேண்டாம். நம்ம காலேஜ் லேபிலேயே அட்டவணையை நாசம் பண்ண ஒரு வரி போதும். அப்டேட் கட்டளைக்கு ‘வேர்’ என்று ஒரு வால் உண்டு. எந்த வரிசையை மாற்றணும் என்று சொல்வது அதுதான். அதை விட்டுட்டு ‘பாக்கி = 500’ என்று மட்டும் அடிச்சா, அத்தனை பேர் பாக்கியும் 500 ஆகிடும். கம்ப்யூட்டர் திட்டாது. சொன்னதைச் செய்துட்டு சமர்த்தா உட்கார்ந்திருக்கும். வேர் இல்லாத மரம் ஒருத்தர் மேல மட்டுமா விழும்?

சரி, எப்படித் தப்பிப்பது?

1. அதே ‘வேர்’ போட்டு முதலில் செலக்ட் ஓட்டுங்க. ஒரு வரிசையை மாற்ற நினைச்சு ஏழு வரிசை வந்தா, அங்கேயே நில்லுங்க.

2. பெயரை நம்பாதீங்க. எங்க புளியந்தோப்பில் ‘முருகா’ன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க. பிரைமரி கீ ஒருத்தருக்குத்தான் சொந்தம்.

3. டிரான்சாக்ஷன் ஆரம்பிச்சு, எத்தனை வரிசை மாறிச்சுன்னு பார்த்துட்டு கமிட் கொடுங்க. தப்புன்னா ரோல்பேக். மை.எஸ்.க்யூ.எல். சும்மா விட்டா ஒவ்வொரு கட்டளையையும் தானே கமிட் பண்ணிடும், ஜாக்கிரதை.

4. அதிலேயே ‘சேஃப் அப்டேட்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கு. கீ இல்லாத அப்டேட்டை அது மறுத்துடும். அதுக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ன்னு இன்னொரு பெயரும் உண்டு! வெட்கப்படாம ஆன் பண்ணுங்க.

ஐந்தாவது நம்ம காமர்ஸ் பாடத்திலேயே இருக்கு. பேரேட்டில் தப்பு வந்தா ரப்பர் போடக் கூடாது, திருத்தப் பதிவு எழுதணும். அப்டேட் என்பது ரப்பர். பழைய எண் இருந்த சுவடே இருக்காது. அதனால பணக் கணக்கில் பழைய வரிசையைத் தொடாம, எதிர்ப்பதிவாக ஒரு புது வரிசை சேருங்க. முகவரி, போன் நம்பருக்கு அப்டேட் போதும்.

ரோல்பேக் எல்லாம் கமிட்டுக்கு முன்னாடிதான். அப்புறம் யாராவது அந்த எண்ணைப் பார்த்துடுவாங்க, நம்பிடுவாங்க, செலவும் பண்ணிடுவாங்க. அந்த 21,000 போன மாதிரி.

கோடிக் கணக்கில் ஏறினா பேப்பரில் வரும். ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை வேற வரிசையில் போய் விழுந்தா வராது. அந்தப் பாட்டிதான் வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்கணும். என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்களை நினைச்சுக்கோங்க.