வேண்டாம்ப்பா

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடை முடிந்து பெஞ்சில் உட்காரும் அந்தத் தரகர் மாமாவிடம் எந்தப் பங்கின் பெயரைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "வேண்டாம்ப்பா." வங்கியா? வேண்டாம். சிமெண்டா? வேண்டாம். புதிதாக வெளியீட்டுக்கு வரும் ஏதாவது செயலிக் கம்பெனியா? அதற்குப் பதில்கூடக் கிடையாது. ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிடுவார். வாங்கினாலும் தரகு, விற்றாலும் தரகு என்று பிழைத்த மனிதருக்கு, ஓய்வுபெற்றதும் இந்த ஒரு சொல் மட்டும் நாக்கில் எப்படி மிஞ்சியது? கொஞ்ச நாளாக எனக்கு இதே யோசனை.

(பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியவர். ஷேர் மார்க்கெட் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை.)

மாமா தொழில் கற்றது செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில். 1920-ல் தொடங்கி, 1923-ல் மூடி, 1937-ல் மறுபடி உயிர்பெற்று, 2015-ல் பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபியின் அனுமதியோடு விடைபெற்ற சந்தை அது. மாமாவின் காலத்தில் கணினி கிடையாது, வர்த்தகக் கூடத்து ரிங்கில் நின்று விலை சொல்லிக் கத்த வேண்டும். அந்தத் தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது. "உனக்கு மட்டும் சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தால் லஸ் சர்ச் ரோடு வரை கேட்கும்.

அவர் பேச்சில் அடிக்கடி வருவது 'பேட் டெலிவரி'. பங்கு காகிதமாக இருந்த காலத்துச் சங்கடம். விற்கிறவர் டிரான்ஸ்ஃபர் டீடில் கையெழுத்துப் போடுவார். சர்டிபிகேட்டும் டீடும் தரகர் கை மாறி, வாங்கியவர் கைக்குப் போய், ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகும். அங்கே ஒரு குமாஸ்தா பழைய மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சுழி ஒன்று மாறியிருந்தால் போதும், கட்டு வந்த வழியே திரும்பும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றி மாமா சொல்வதுண்டு. நாற்பது வயதில் போட்ட கையெழுத்து கம்பெனியில் இருக்கிறது. எழுபதில் கை நடுங்குகிறது. ஒவ்வொரு முறையும் கட்டு திரும்பி வந்தது. மாமா அவர் வீட்டுக்கே போய், நோட்டுப் புத்தகத்தில் பழைய கையெழுத்தைப் பழக்கச் சொல்லிக் கொடுத்தாராம். ஆயிரம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துத் திருத்தியவர், தன் கையெழுத்தையே காப்பி அடிக்க முயன்று, கடைசியில் பேனாவை வீசிவிட்டு "விற்கவே வேண்டாம், போ" என்றாராம். சில வருஷத்தில் அந்தப் பங்கு எங்கேயோ போய்விட்டது. மாமாவைப் புத்திசாலி என்று அந்தம்மா ஊரெல்லாம் சொன்னாராம். "எனக்குத் தரகும் போச்சு, ரெண்டு பஸ் டிக்கெட்டும் போச்சு" என்பார் மாமா. பெருமை மட்டும் முகத்தில் தெரியும்.

எனக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை. அன்றைக்கு அவசரக்காரன் கையைக் காகிதம் பிடித்துக்கொண்டது. தபால், குமாஸ்தா, ஸ்டாம்பு என்று வழியெல்லாம் யாராவது நின்று "நாளைக்கு வா" என்றார்கள். 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. சர்டிபிகேட்டுகள் டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்குள் போயின. 2023 ஜனவரியிலிருந்து இன்று விற்றால் மறுவேலைநாளே கணக்கு முடிகிறது. விற்கலாமா என்று வீட்டில் கேட்பதற்குள் கட்டைவிரல் விற்றுவிடுகிறது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாகச் செபியே கணக்குப் போட்டுச் சொன்னது. அதையும் போனிலேயே படித்துவிட்டு அடுத்த ஆர்டரைப் போடுகிறார்கள். ஒழிந்துபோன அந்தக் குமாஸ்தாவின் வேலையைத்தான் இப்போது மாமா பெஞ்சில் உட்கார்ந்து இனாமாகச் செய்கிறார் என்று நினைக்கிறேன்.

சட்டப்படி இதில் தவறில்லை. காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர்தான் செபியின் 2013 விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். மாமா வாங்குவது ஒரு டிகிரி காபி. அதுவும் சர்க்கரை இல்லாமல்.

மயிலாப்பூருக்கு இந்த 'வேண்டாம்' புதிதல்ல. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்ற வங்கிக் கம்பெனி கதவைச் சாத்தியபோது, வெள்ளைக்காரன் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த பெரிய மனிதர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். போட்டவர்கள் பணம் முழுசாகத் திரும்பவில்லை. மறுவருஷமே மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேண்டியதைக் கட்டவும் தெரிந்தவர்கள். மாமா முதல் பாதியோடு நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் அவரை ஒருநாள் மடக்கினேன். வாங்காதே, விற்காதே, சும்மா இரு என்கிறீர்களே, சும்மா இருந்தவர்கள் பங்கைத்தானே சர்க்கார் எடுத்துக்கொள்கிறது? ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்டால், பங்கே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். நியாயமான வாரிசு மனுப்போட்டு மீட்கலாம். மாமா மடங்கவில்லை. பக்கத்திலிருந்த துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே யார் யார் வீட்டு பீரோவிலிருந்தோ வந்த சர்டிபிகேட்டுகள், மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்து. அவற்றை மீட்டுக் கொடுப்பதுதான் இப்போது அவருடைய முழுநேர வேலையாம்.

அதிலும் தமிழனுக்கென்று தனிக் கஷ்டம், இனிஷியல். சர்டிபிகேட்டில் அப்பா பெயர் ஓர் எழுத்தாக நிற்கும். பான் கார்டில் அதுவே விரிந்து முழுப் பெயராகி, சில சமயம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். ஆதாரில் வேறு ஸ்பெல்லிங். கம்பெனிக்காரர்கள் மூன்று ஆசாமிகள் என்று எழுதி அனுப்புகிறார்கள். ஸ்டாம்புப் பேப்பரில் 'மூவரும் ஒருவரே' என்று சத்தியம் செய்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அத்வைதத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் அதற்கும் நோட்டரி கேட்கிறார்கள் என்று மாமாவுக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் மாட வீதிப் பக்கம் நோட்டரியைத் தேடிக் கிளம்பினார். வழியில் ஒரு பையன் ஓடிவந்து ஏதோ பங்கின் பெயரைக் கேட்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டுப் போனார்.